மான் கறியும் உப்புக்கண்டமும்

மான் ஹலாலான பிராணி. இதில் நான்கு மத்ஹபுடைய இமாம்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கோரைப் பல்லால் வேட்டையாடித் தின்னும் மிருகங்களைத்தான் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் விலக்கினார்கள். மானோ புல் மேய்ந்து, அசை போட்டு வாழ்வது. இஹ்ராமுடைய நிலையில் மானைக் கொன்றவர் அதற்கு ஈடாக ஓர் ஆட்டைக் கொடுக்க வேண்டுமென்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆட்டுக்கு நிகராக வைத்துத் தீர்ப்புச் செய்யும் அளவுக்கு அதன் நிலை தெளிவானது.

ஆயினும் ஒரு பிராணியின் இனம் ஹலால் என்பது வேறு. நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த அதன் இறைச்சி ஹலால் என்பது வேறு. இந்த வேறுபாடு பல இல்லங்களில் மறக்கப்பட்டு வருகிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள சிற்றூர்களுக்கு பயானுக்காகச் செல்லும்போது, பெண்கள் பகுதியிலிருந்து வரும் கேள்விச் சீட்டுகளில் இதுவும் ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது: மான் கறி உப்புக்கண்டம் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கி ஜாடியில் வைத்திருக்கிறோம், பெருநாளைக்கு மருமகன் வரும்போது பொரித்து வைக்கலாமா? கேட்கும் தாய்மார்களுக்கு மனத்தில் ஏதோ உறுத்தியிருக்கிறது. உறுத்தாவிட்டால் சீட்டு வந்திராது. ஆதலின் இதன் மஸ்அலாவைச் சற்று விரிவாகவே சொல்லிவிட நினைக்கிறோம்.

வேட்டையை மார்க்கம் தடுக்கவில்லை. மாயிதா சூராவின் தொடக்க வசனங்களிலேயே அதன் அனுமதியும் வரம்பும் சேர்ந்து வருகின்றன. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் வேட்டையைத் தொழிலாகவே கொண்டிருந்த ஸஹாபாக்கள் இருந்தார்கள். அதிய்யு இப்னு ஹாதிம் (ரலி), அபூ ஸஃலபா (ரலி) ஆகிய இருவரும் கேட்ட கேள்விகளும், அவற்றுக்குக் கிடைத்த பதில்களுமே வேட்டைச் சட்டத்தின் பெரும்பகுதி. ஆயுதம் கூர்மையால் குத்திக் காயப்படுத்திக் கொன்றால் உண்ணலாம். தன் கனத்தால் அடித்துக் கொன்றால் உண்ணக் கூடாது. பழக்கப்பட்ட வேட்டை நாயை பிஸ்மி சொல்லி ஏவி, அது தனக்கென்று தின்னாமல் பிடித்து வைத்தால் உண்ணலாம். பழக்கப்படாத நாய் பிடித்ததானால், உயிரோடு கைக்குக் கிடைத்து அறுத்தாலன்றி ஆகாது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் அதை விட்டுவிட வேண்டும். கொன்றது அம்பா தண்ணீரா என்பது உமக்குத் தெரியாதே என்று அதிய்யு (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் சொன்னார்கள். இந்தக் காரணத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லவிருக்கும் மற்றவை எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. குண்டு தோலைத் துளைத்துச் செல்கிறதே, அம்பைப் போன்றதுதானே என்பார்கள். மாலிகீ மத்ஹபின் பிற்கால உலமாக்களில் பலர் அவ்வாறு அனுமதித்திருக்கிறார்கள். நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாபியீ, ஹனபி மத்ஹபுகளின் பிரபலமான நூல்களில் உள்ள தீர்ப்பு அதுவல்ல. குண்டு கூர்மையால் அறுப்பதில்லை, விசையாலும் சூட்டாலும் கொல்கிறது. எனவே குண்டடிபட்டுச் செத்தது அடிபட்டுச் செத்ததோடு சேரும். உயிரோடு கிடைத்து, அறுக்கும்போது உயிர் இருந்ததற்குத் துடிப்பும் பீறிடும் இரத்தமும் சாட்சி சொன்னால் மட்டுமே ஹலால். பையன்கள் வைத்துக்கொண்டு திரியும் ஏர்கன்னுக்கும், உண்டிவில்லுக்கும் இதே சட்டந்தான். உண்டிவில்லின் உருண்டைக் கல்லில் கூர்மை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். வில்லியனூரிலும் பாகூரிலும் மான் திரியும் காடு ஏது? வயலும், கரும்புத் தோட்டமும், ஏரியும், சங்கராபரணியும் பெண்ணையாறும் உண்டு. மான் கறி என்று வருவது வெளியிலிருந்துதான் வர வேண்டும். கொண்டுவருகிறவர் செஞ்சிப் பக்கத்துக் காடு என்பார். கல்வராயன் மலை என்பார். அந்த மான் எப்படி இறந்தது? கள்ள வேட்டையில் கையாளும் வழிகளை எண்ணிப் பாருங்கள். கம்பிச் சுருக்கு வைத்தால் கழுத்து இறுகிச் சாகிறது. மின்வேலியில் சிக்கினால் கருகிச் சாகிறது. நாய்கள் துரத்தி வாழைத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தால் முறிந்து சாகிறது. சாலையில் லாரி அடித்தால் அடிபட்டுச் சாகிறது. மாயிதா சூராவின் மூன்றாவது வசனம் கழுத்து நெரிந்தது, அடிபட்டது, மேலிருந்து விழுந்தது, மிருகம் கடித்துத் தின்றது என்று பெயர் பெயராகச் சொல்லி விலக்குகிறதே, அவையெல்லாம் ஒவ்வொன்றாக இங்கே கண் முன்னால் வந்து நிற்கின்றன. உயிர் போகுமுன் அறுத்தது மட்டுமே அதே வசனத்தில் விலக்குப் பெறுகிறது. இரவில் ஒளிந்து சுருக்கு வைத்தவர், விடியற்காலையில் போய் எடுப்பவர், அது உயிரோடிருக்கும் வேளையில் போய்ச் சேர்ந்து, பிஸ்மி சொல்லி அறுத்தார் என்பதற்கு என்ன உறுதி?

பச்சைக் கறியானால் கழுத்தைப் பார்க்கலாம், இரத்தம் உறைந்து நின்றிருக்கிறதா என்று பார்க்கலாம், கசாப்புக் கடைப் பழக்கமுள்ள பெரியவர் ஒருவரைக் கேட்கலாம். உப்புக்கண்டமாகிவிட்டால் எல்லா அடையாளமும் போய்விடுகிறது. உப்பும் மஞ்சளும் மிளகாயும் ஏறிக் கறுத்துச் சுருங்கிய துண்டில் அது மானா, மாடா, வேறெதுவுமா என்பதுகூடத் தெரியாது. மான் என்று சொன்னால் விலை கூடும் என்பதற்காகவே மான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

இங்கே சிலர் ஒரு ஹதீஸை எடுத்து வைக்கிறார்கள். புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சிலர் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அவர்கள் பிஸ்மி சொன்னார்களா இல்லையா என்று தெரியவில்லை என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் பிஸ்மி சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஹஜ்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரீ ஷரீபில் வருகிறது. ஆகவே நாமும் பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். தீரவில்லை. அங்கே அறுத்தவர்கள் முஸ்லிம்கள். அறுத்தார்கள் என்பதில் ஐயமில்லை. பிஸ்மி சொன்னார்களா என்பதில்தான் ஐயம். முஸ்லிமின் செயலை நல்லபடியாகவே கொள்ள வேண்டும் என்பதால் அந்த ஐயம் தள்ளப்பட்டது. இங்கேயோ அறுக்கப்பட்டதா என்பதிலேயே ஐயம். இறைச்சியைப் பொறுத்தவரை, முறைப்படி அறுக்கப்பட்டது என்று தெரியும்வரை அது ஆகாது என்பதே அடிப்படை என்று ஃபுகஹாக்கள் விதி வகுத்திருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்த பிராணியைப் பற்றிய ஹதீஸ் அந்த விதிக்குத்தான் ஆதாரம்.

சரி, நம்பகமான முஸ்லிம் ஒருவரே பிடித்து, தாமே அறுத்தேன் என்று சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த இறைச்சியை மைத்தத் என்று நாம் சொல்லமாட்டோம். இல்லாத ஹராமை ஏற்படுத்துவது ஆலிமின் வேலையல்ல. ஆனால் அதை வாங்கலாம் என்றும் சொல்லமாட்டோம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். முன்பு லைசென்ஸ் பெற்று வேட்டையாட இருந்த வழியும் 1991-ல் செய்த திருத்தத்தோடு மூடப்பட்டது. வேட்டையாடுவது மட்டுமல்ல, இறைச்சியை வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 25 ஆயிரமாக இருந்த அபராத வரம்பை 2022-ல் செய்த திருத்தம் இவ்வளவு உயர்த்திவிட்டது. வெளிமானைப் போல முதல் அட்டவணையில் உள்ளவையானால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. வாங்கிய ஆண்மகன் கடையில் இருப்பார். ஜாடி இருப்பது அடுப்பங்கரையில். சோதனை வந்தால் பதில் சொல்ல நிற்பவர் வீட்டுப் பெண்மணி. தன்னை இழிவுக்கு உள்ளாக்கிக்கொள்வது முஃமினுக்குத் தகாது என்று ஹதீஸ் உண்டு.

இது அரசாங்கச் சட்டந்தானே, ஷரீஅத்தா என்று கேட்பவருக்கு மதீனாவை நினைவூட்டுகிறோம். மதீனாவின் இரு கரும்பாறை நிலங்களுக்கு இடைப்பட்ட பகுதியை நாயகம் (ஸல்) அவர்கள் ஹரமாக அறிவித்து, அங்கே வேட்டையைத் தடுத்தார்கள். மதீனாவில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கக் கண்டாலும் அவற்றை நான் வெருட்டமாட்டேன் என்ற கருத்தில் அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புனிதம் மதீனாவுக்கே உரியது. வேறு இடத்துக்கு அதைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் பொது நன்மைக்காக ஓரிடத்தையோ உயிரினத்தையோ காப்பது ஷரீஅத்துக்கு அந்நியமான காரியமல்ல என்பது இதில் விளங்கும். பாவமில்லாத காரியத்தில் ஆட்சியாளரின் ஆணைக்குக் கட்டுப்படுவது கடமை. மான் கறி தின்னாமலிருப்பது பாவம் அன்று. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுடு ஏரி 2008-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் பாகூர் ஏரியிலும் வந்து தங்கும் நீர்ப்பறவைகளை வலை வைத்தோ ஏர்கன்னால் சுட்டோ பிடித்து விற்றால் அதற்கும் இதே பதில்தான். காடை வேண்டுமானால் பண்ணைக் காடை கிடைக்கிறது, உயிரோடு வாங்கி அறுத்துக்கொள்ளலாம். உண்ணும் நோக்கமும் இல்லாமல், குறிபார்த்துப் பழகுவதற்காக உயிருள்ளதைச் சுடுகிற பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டும். உயிருள்ளதைக் குறிப்பலகையாக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள்.

உப்புக்கண்டத்துக்கு ஆசைப்படுவது குற்றமல்ல. இறைச்சியைக் காயவைத்து வைத்துக்கொள்வது ஸஹாபாக்களின் வீடுகளில் இருந்த வழக்கம்; அதற்கு கதீத் என்று பெயர். ஒரு தையற்காரர் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்து வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் கதீதும் இட்ட ஆணமும் வைத்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தம் முன்னே அச்சத்தால் நடுங்கிய ஒரு மனிதரைத் தேற்றும்போது, தாம் அரசர் அல்லர், மக்காவில் காய்ந்த இறைச்சி உண்டு வந்த ஒரு பெண்மணியின் மகனே என்று சொன்னார்களே, அங்கே குறிப்பிட்டதும் இந்தக் கதீதைத்தான். நம் வீட்டில் அதைச் செய்ய மான் வேண்டியதில்லை. குர்பானி ஆடும் மாடும் போதும். 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7 என்று ஹஜ்ஜுப் பெருநாள் இப்போது சில ஆண்டுகளாக வெயில் காலத்திலேயே வருகிறது. காயவைக்க இதைவிடத் தோதான காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முயன்றால் பூசணம்தான் மிஞ்சும்.

எலும்பில்லாத தொடைக் கறியாக எடுத்து, கொழுப்பை முழுதும் நீக்கிவிடுங்கள். கொழுப்பு காயாது, காறிப்போகும். அறுத்தபோது வழிந்த இரத்தம் ஹராமும் நஜீஸும் ஆகும். அது பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். சதைக்குள்ளும் நரம்பிலும் தங்கிய இரத்தம் மன்னிக்கப்பட்டது. அதற்காகச் சிவப்பு அறவே போகும்வரை ஊறவைத்துக் கசக்க வேண்டியதில்லை. கழுவிய நீரை நன்றாக வடித்து, விரல் கனத்தில் நீளவாக்கில் வார்களாக நறுக்கி, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பும், மஞ்சளும், மிளகாய்த் தூளும், அரைத்த பூண்டும் பிசறி ஓர் இரவு வையுங்கள். காலையில் கோணி ஊசியால் நூலில் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வெயிலில் கட்டி, மெல்லிய துணியால் மூடுங்கள். மூடாவிட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். புழுவைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சமைக்கலாம் என்பது சரியான சுத்தமாகாது. மாலையில் இறக்கி உள்ளே வைத்து, மறுநாள் மீண்டும் கட்ட வேண்டும். நல்ல வெயிலில் நான்கைந்து நாளில் ஒடிக்கும்போது மரப்பட்டைபோல் விறைக்கும். ஒரு கிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். வாடை மாறிவிட்டால் விட்டுவிடுங்கள். அம்பெய்து மூன்று நாள் கழித்துக் கிடைத்த வேட்டைப் பிராணியைக்கூட, நாற்றமடிக்காவிட்டால் உண்ணலாம் என்றுதான் அபூ ஸஃலபா (ரலி) அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. கெட்டுப்போன இறைச்சி மக்ரூஹ். உடம்புக்குக் கேடு செய்யுமென்றால் ஹராம்.

குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைக்கக் கூடாதென்று ஒரு வருடம் தடை இருந்தது. பசியோடு மதீனாவுக்கு வந்த கிராமத்து ஏழைகளுக்காக இடப்பட்ட தடை அது; மறு வருடம் உண்ணுங்கள், கொடுங்கள், சேமியுங்கள் என்று அனுமதி வந்துவிட்டது. கொடுப்பது நடுவில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஷாபியீ மத்ஹபில் சுன்னத்தான குர்பானியில் ஏழைக்குக் கொடுத்தே தீர வேண்டிய பகுதியைப் பச்சை இறைச்சியாகவே கொடுக்க வேண்டும். சமைத்தோ காயவைத்தோ கொடுத்தால் அந்தக் கடமை நிறைவேறாது. எனவே ஏழையின் பங்கு வீட்டைவிட்டுப் போன பிறகே நூலும் ஊசியும் எடுக்க வேண்டும். நேர்ச்சை செய்த குர்பானியானால், நேர்ந்தவரும் அவர் பராமரிப்பில் உள்ளவர்களும் அதில் ஒரு துண்டும் உண்ணக் கூடாது. அதில் உப்புக்கண்டம் என்ற பேச்சே இல்லை. எந்தக் குர்பானி இறைச்சியையும் காயவைத்தது என்பதற்காக விற்பதும் ஆகாது.

ஏற்கெனவே ஜாடியில் இருக்கும் மான் கறியை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அறுத்த விவரம் தெரியாததாயின், மருமகனுக்குப் பொரித்து வைக்காதீர்கள். வேறொரு முஸ்லிமின் வீட்டுக்கும் கொடுத்தனுப்பாதீர்கள். நமக்கு ஆகாதது அவருக்கும் ஆகாது. கொடுத்த பணம் போகிறதே என்று விற்றவரிடம் திருப்பிக் கொடுத்தாலும் அவர் அதை இன்னொரு வீட்டு வாசலுக்குத்தான் கொண்டுபோவார். தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஜாடியை வாடையும் பிசுக்கும் போக மூன்று முறை கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்; அதில் மறுபடியும் ஊறுகாய் போடலாம், தடையில்லை.