போன் பேட்டரி உப்பிவிட்டதா?

மேஜையில் வைத்த போன் ஆடுகிறதா? பின்மூடி விலகியோ திரை எழும்பியோ இருக்கிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். நாள்பட்ட உழைப்பாலும் சூட்டாலும் லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயு சேர்கிறது. அந்த வாயு தீப்பற்றக்கூடியது.

சார்ஜரைக் கழற்றி, போனை அணைத்துவிடுங்கள். அழுத்திப் பார்க்க வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், குத்திய நொடியே தீப்பிடிக்கலாம். மெத்தை, திரைச்சீலை, கேஸ் அடுப்பு பக்கமே கூடாது. மணல் போட்ட மண்சட்டியில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிறகு சர்வீஸ் சென்டர்.

கழற்றிய பேட்டரியைத் தயவுசெய்து குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். லாரியில் நசுங்கித் தீப்பிடித்தால் ஆபத்து தூய்மைப் பணியாளருக்கு. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புகை வந்தால் தொடாமல் எல்லோரும் வெளியேறி, 101-ஐ அழையுங்கள்.