ஈரம் போகும், உப்பு நிற்கும்

அன்புள்ள தங்கைக்கு,

மேசைக் கணினியின் மேல் தேநீரோ இளநீரோ கடல்நீரோ சிந்திவிட்டால், அதை ஈரத்தால் வந்த கேடு என்று மட்டும் கருதி, துடைத்து, மின்விசிறியின் கீழ் உலர்த்தி, மறுநாள் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு உலர்த்திய கணினி அன்று இயங்கிவிடுவதும், சில வாரங்கள் கழித்துக் காரணம் புலப்படாமல் நின்றுபோவதும் உண்டு. நீர் ஆவியாகிச் சென்றாலும், அது கரைத்துக் கொண்டுவந்த உப்பும் சர்க்கரையும் அமிலமும் மின்சுற்றுப் பலகையின் மேலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே சிந்திய திரவத்தால் பழுதான கணினியைச் சீர்செய்வதில் உலர்த்துவதற்கு முன் கழுவுதல் என்னும் படி ஒன்று உண்டு என்பதையும், இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் அந்தப் படியைத் தவிர்க்கவே இயலாது என்பதையும் கணினி பழுதுநீக்கம் கற்கத் தொடங்குவோருக்கு விளக்க இக்கடிதம் எழுதப்படுகிறது.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதில் உப்பு கரையும்போதுதான் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட நுண்துகள்கள், உண்டாகி மின்சாரத்துக்கு வழிவிடுகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. இளநீரில் பொட்டாசியமும், மோரில் லாக்டிக் அமிலமும், கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலமும் சர்க்கரையும் இருக்கின்றன. மதர்போர்டில் அடுத்தடுத்து ஓடும் செப்புத் தடங்களுக்கு இடையே உள்ள வெளி பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே ஆகும். அவற்றுள் ஒரு தடத்தில் 5 வோல்ட்டும் அடுத்ததில் பூச்சிய வோல்ட்டும் இருக்கும்போது நடுவில் உப்புநீர் நின்றால், நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து நகர்ந்து, எதிர்மின் பக்கத்தில் மரக்கிளை போலக் கிளைக்கும் மெல்லிய உலோக இழையாகப் படிகிறது. டெண்ட்ரைட் எனப்படும் அவ்விழை மறுபக்கத்தைத் தொட்டதும் ஷார்ட் சர்க்யூட் ஏற்படுகிறது. கரைந்த செம்பின் ஒரு பகுதி குளோரைடுடன் சேர்ந்து, வீட்டுச் செப்புப் பாத்திரத்தில் காண்பது போன்ற பச்சைக் களிம்பாகப் பலகையில் பிடிக்கிறது. இவ்வேதிவினைக்குப் பெரிய மின்னழுத்தம் தேவையில்லை. நேரத்தைக் காக்க மதர்போர்டில் பொருத்தப்பட்டிருக்கும் நாணய வடிவ பேட்டரியின் 3 வோல்ட்டே போதுமானது.

இந்தக் கடற்கரையின் காற்று இக்கேட்டை மேலும் வளர்க்கிறது. சில உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தாமே கரைசலாகிவிடும் இயல்புடையவை. இதற்கு நீருறிந்து கரைதல் என்று பெயர். சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 விழுக்காடே போதும். ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக் விரிகுடாவும் சூழ, கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் உப்புக்காற்றே வரும் பாம்பன் தீவில், காற்றின் ஈரம் அந்த 33 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே வெயிலில் காய்ந்ததாகத் தோன்றும் பலகையின் மேலுள்ள உப்புப் படலம் இரவுக் காற்றில் மீண்டும் ஈரமாகி, நின்றிருந்த அரிப்பைத் தொடரச் செய்கிறது.

இவ்வுண்மையை இப்பகுதியின் இரும்பு நெடுங்காலமாகவே அறிவித்து வருகிறது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், உலகிலேயே அரிப்பு மிகுந்த சூழல்களுள் ஒன்றில் நிற்பதாகப் பொறியாளர்களால் எடுத்துக்காட்டப்பட்டு, இடையறாத பராமரிப்பினாலேயே ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்னும் காப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. காரைக்குடியில் 1953இல் திறந்துவைக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கடற்சூழலில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய்வதற்கு மண்டபத்தில் ஒரு பிரிவை வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். பாலத்தின் இரும்பை உண்ணும் வேதிவினையும் மதர்போர்டின் செம்பைக் கரைக்கும் வேதிவினையும் அடிப்படையில் ஒன்றே. ஆனால் கனத்த இரும்பில் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் சேதம், மெல்லிய செப்புத் தடத்தில் சில நாட்களிலேயே முடிந்துவிடும்.

ஆகையால் முதற்செயல் மின்சாரத்தை முற்றிலும் அகற்றுவதாகும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்வெட்டுக்கு அஞ்சி இணைக்கப்பட்டிருக்கும் யுபிஎஸ் தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால், அதையும் அணைத்து, கேபினெட்டின் பின்புறமுள்ள மின்கேபிளையே உருவிவிட வேண்டும். சுவிட்ச் பலகையோ யுபிஎஸ்ஸோ நனைந்திருந்தால் அதைக் கையால் தொடாமல், வீட்டின் மெயினை முதலில் நிறுத்துவதே உயிருக்குப் பாதுகாப்பு; நனைந்த யுபிஎஸ் அதன் பின்னும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கக்கூடும் என்பதால் அதை அப்போதும் தொடக் கூடாது. நிறுத்திய கணினியிலும் கேபிள் இணைந்திருக்கும்வரை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்குச் சென்றுகொண்டிருக்கும். எனவே கேபிளை உருவிய பின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னேற்றத்தை வடியவிட்டு, நாணய பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஈரத்தோடு ஒருமுறை இயக்கிப் பார்க்கும் ஆவலே பல கணினிகளை அழிக்கிறது.

அடுத்ததாகத் திரவம் சென்ற வழியை ஆராய வேண்டும். கீபோர்டில் மட்டும் சிந்தியிருந்தால், அதனுள் ஏற்பட்ட ஷார்ட் யுஎஸ்பி வழியாகக் கணினியையே இயங்கவிடாமல் தடுத்திருக்கலாம்; வேறொரு கீபோர்டை மாற்றிய அளவில் பழுது தீர்ந்துவிடும். கேபினெட்டுக்குள் இறங்கியிருந்தால், இணைப்புகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி ஆகியவற்றைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றும் பெட்டி, நனைந்திருந்தால் அதைத் திறக்கவே கூடாது. அதிலுள்ள மின்தேக்கி கேபிளை உருவிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதை மாற்றிவிடுவதே முறை.

கழுவுவதற்குக் கிணற்று நீரோ ஆழ்குழாய் நீரோ ஆகாது; உவர்நிலம் மிகுந்த இம்மாவட்டத்தில் அது ஓர் உப்பை நீக்கி மற்றோர் உப்பைப் பூசுவதாகவே முடியும். பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கப்படும் டிஸ்டில்டு வாட்டரால், மென்மையான பிரஷ் கொண்டு, ஸ்லாட்டுகளின் உட்புறம் வரை மதர்போர்டையும் ரேமையும் சிலமுறை அலச வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் தெளித்துத் துடைப்பது பரவலான பழக்கமாயினும், உப்பும் சர்க்கரையும் அதில் எளிதாகக் கரைவதில்லை. நீரால் கரைத்து நீக்கிய பிறகு எஞ்சிய நீரை வெளியேற்றி விரைவில் ஆவியாவதே அதன் பயன். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்போ விளக்கோ அருகில் இருத்தல் கூடாது. சானிடைசரில் கிளிசரின் போன்ற பிற பொருள்கள் கலந்திருப்பதால் அது ஈடாகாது. அரிசிக்குள் புதைப்பதும் மாவுத்தூளைச் சேர்ப்பதன்றி வேறு பயன் தராது. கடற்காற்று படாத அறையில், மின்விசிறியின் கீழ், ஓரிரு நாள் உலர்த்துவதே போதும்.

சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கவோ முக்கி அலசவோ கூடாது. அதன் உறையிலுள்ள சிறு காற்றுத்துளை வழியே நீர் உள்ளே புகக்கூடும். அதற்குள் நீர் புகுந்த ஐயமிருந்து, உள்ளிருக்கும் தகவலும் ஈடற்றதாக இருந்தால், மின்சாரமே கொடுக்காமல் தரவு மீட்பில் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். நனையாமல் தப்பியிருந்தால் வேறொரு கணினியில் இணைத்து, கோப்புகளை முதலில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

சோதனையும் படிப்படியாகவே நடைபெற வேண்டும். மின்சாரம் கொடுக்குமுன் மல்டிமீட்டரால் 12, 5, 3.3 வோல்ட் வழிகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான மின்தடையை அளக்க வேண்டும். அது பூச்சியத்தை ஒட்டியிருந்தால் ஷார்ட் நீங்கவில்லை என்பது பொருள். ஆனால் ப்ராசஸருக்குரிய உள்வழியில் இயல்பாகவே மின்தடை மிகக் குறைவு என்பதால், அதை மட்டும் பார்த்துப் பழுதென்று முடிவு செய்துவிடக் கூடாது. பின்னர் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றுடன் மதர்போர்டு, ப்ராசஸர், ஒரே ஒரு ரேம் ஆகியவற்றை மட்டும் வைத்து இயக்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துவர வேண்டும். விசிறி ஒரு கணம் சுழன்று நின்றால், எங்கோ மிகை மின்னோட்டம் பாய்வதைக் கண்டு எஸ்எம்பிஎஸ் தன்னை நிறுத்திக்கொள்கிறது என்று அறியலாம். விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் வராவிட்டால் ரேமையும் அதன் ஸ்லாட்டையும் முதலில் ஐயுற வேண்டும். ஒரே வேளையில் எல்லாவற்றையும் பூட்டி இயக்குபவருக்குப் பழுது எதனால் வந்தது என்பது தெரியவே தெரியாது.

கணினி இயங்கிவிட்டது என்பதோடு பணி முடிவதில்லை. கழுவிய நாளையும் மாற்றிய பாகங்களையும் குறித்து வைத்து, ஒரு மாதத்துக்குப் பின் கேபினெட்டை மீண்டும் திறந்து, இணைப்பு ஊசிகளிலும் தடங்களின் ஓரங்களிலும் களிம்பு பூத்திருக்கிறதா என உருப்பெருக்கி கொண்டு பார்த்து, இருந்தால் மறுபடியும் அலச வேண்டும். இதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அதுவரை முக்கியக் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்வது தொழில் நேர்மையின் ஒரு பகுதியாகும். ஓடுகிற கணினியை ஒப்படைத்துக் கூலி பெறுவது எளிது; அது அடுத்த ஆண்டும் ஓடுவதற்குரியதைச் செய்து கொடுப்பவரையே இக்கடற்கரை ஊர்கள் நம்பித் தேடி வரும்.

அன்புடன்