முழுநேர ஆயா பணி: தொடங்குமுன் அறிய வேண்டியவை

அதியன்னூர் போன்ற ஊர்களிலிருந்து திருவனந்தபுரம் நகர இல்லங்களில் முழுநேர ஆயாவாகச் சேர விரும்பும் பெண்கள், இதுவும் ஒரு தொழிலே என்பதை முதலில் உணர வேண்டும். ஊதியம், பணி நேரம், விடுமுறை, வேலையின் எல்லை ஆகியன தொடக்கத்திலேயே எழுத்தில் அமைதல் நலம். இல்லையேல், குழந்தையைப் பேண வந்தவர் சமையலையும் சலவையையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். வீட்டிலேயே தங்குபவருக்கு இரவும் பணி நேரமாகிவிடும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணிநேர ஓய்வு தேவை என்கிறது. இந்தியா அதனை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. எனவே எழுத்து மூலமான உடன்பாடு மேலும் இன்றியமையாததாகிறது. 2021-இல் தொடங்கப்பெற்ற இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துகொள்வதும் பயன் தரும். அன்பு குழந்தைக்கு உரியது. ஊதியமும் ஓய்வும் உழைப்புக்கு உரியவை.