உயர்நிலை ஒன்றுக்குப் பள்ளி தேடும் தங்கச்சிக்கு

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு நவம்பர் கடைசியில் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கச் சில நாள்தான் இருக்கும். அதனால் இப்போதே தேடத் தொடங்கு. பேர்பெற்ற பள்ளியையே பிடித்துத் தொங்காமல், உன் வட்டாரப் பள்ளிகளையும் நேரில் போய்ப் பார். காலை ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்குத் தீவின் அந்தக் கோடியிலிருந்து எம்ஆர்டி பிடிக்கும் பிள்ளை, இருட்டில் கிளம்பி, இணைப்பாட நடவடிக்கை முடிந்து இருட்டியபின் வீடு திரும்பும். வருடக்கணக்கில் அந்த அலைச்சல் பிள்ளைக்கு வேண்டாம்.

ஒரே மதிப்பெண்ணில் இடத்துக்குப் போட்டி வந்தால் முதலில் குடியுரிமை, அடுத்து நீ போட்ட வரிசை, அதன் பிறகுதான் குலுக்கல். ஆகவே மனசுக்குப் பிடித்த பள்ளியை முதலில் போடு. பிஎஸ்எல்இ மதிப்பெண்ணில் 4 தான் மிகச் சிறந்தது, 32 கடைசி. போன வருடச் சேர்க்கை எல்லை உன் பிள்ளையின் எண்ணைவிட இரண்டு மூன்று கூடுதலாக உள்ள பள்ளிகள் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும்.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள்தான்; ஜி3 தான் கடினமானது. கணிதத்தை ஜி2 நிலையில் படிக்கும் பிள்ளையும் தமிழில் கெட்டியாக இருந்தால் அதை ஜி3 நிலையில் எடுக்கலாம். பள்ளியில் இதைக் கேட்கத் தயங்காதே.

தமிழ் விஷயத்தில்தான் நம்மவர்கள் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். எல்லா உயர்நிலைப் பள்ளியிலும் தமிழ் கிடையாது. கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் எந்தெந்தத் தாய்மொழி உண்டு என்று போட்டிருக்கும். இல்லாத பள்ளியென்றால் பிள்ளை பிற்பகலில் பீட்டி ரோட்டிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்தே போய்விடலாம். ஒரே வகுப்பில் வெள்ளை, நீலம், பச்சை என்று வெவ்வேறு பள்ளிச் சீருடைகள் உட்கார்ந்திருக்கும். தன் பள்ளியில் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவனாக இருப்பவனுக்கு அங்கே ஒரு பட்டாளமே கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் தொடங்கி, பின்னாளில் சிங்கப்பூரின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்ட பள்ளியின் பெயரைத்தான் அந்த நிலையம் சுமக்கிறது. ஆனால் ஒன்று: தமிழ் வகுப்பு நாளும் இணைப்பாட நடவடிக்கை நாளும் மோதுமா என்று பொது உபசரிப்பு நாளிலேயே ஆசிரியரைக் கேட்டுவிடு. பட்டியல் கொடுத்தபின் கேட்டுப் பயனில்லை.

துணைப்பாடத்துக்கு உடனே காசைக் கொட்டாதே. அதே பீட்டி ரோட்டில்தான் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. குறைந்த கட்டணத்தில் ‘ஸ்டெப்’ வகுப்புகள் நடத்துகிறார்கள், அதை முதலில் விசாரி.

சேர்ந்ததும் பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் பேர் கொடு. மாதம் ஒருமுறை தலைகாட்டினாலும் போதும். உன் முகம் தெரிந்தால், பிள்ளை வாடியிருக்கும் நாளில் ஆசிரியர் தயங்காமல் உன்னைக் கூப்பிடுவார்.

கையில் பணம் இறுக்கமாக இருந்தால் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தால் கட்டணம், பாடநூல், சீருடை எல்லாம் அதில் அடங்கும். பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். புத்தகக் கடை வரிசையில் நிற்பதற்கு முன்பே கேட்டு வாங்கு.