படகின் அடிப்புறமும் பாசித்தடுப்புப் பெயின்றும்



முசலியிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் நெல் விதைத்த எம் குடும்பங்கள் பல 1990 ஒக்டோபரிலும் அதற்குப் பின்னரும் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. நிலத்தை விட்டு வந்த கைகள் பல தொழில்களைக் கற்றன. 2009க்குப் பின் சிலர் ஊர் திரும்பினர். சிலர் கற்பிட்டி, முந்தல், ஆலங்குடாப் பக்கங்களிலேயே தங்கி விட்டனர். அவர்களுள் இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு படகில் பங்கு வைத்திருப்போரும் உண்டு.

படகு வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிறோம், வலையைப் பார்க்கிறோம். நீருக்குள் இருக்கும் அடிப்புறத்தை மறந்து விடுகிறோம். வயலில் களையை மறந்த விவசாயிக்கு நேர்வதே இங்கும் நேர்கிறது. ஆகவே இப்பாடத்தில் படகின் அடிப்புறத்தைக் காக்கும் முறையைப் படிப்போம்.

1. நீருக்குள் நடப்பது என்ன?

கழுவிய படகை நீரில் விட்டால் சில நாட்களுக்குள் அடியில் வழுவழுப்பான படலம் ஒன்று படியும். அதன்மேல் பச்சைப் பாசி முளைக்கும். பின்னர் கொட்டலசின் குஞ்சுகள் வந்து ஒட்டி, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக் கொள்ளும். படலத்தைத் தும்புத் தூரிகையால் துடைத்து விடலாம். கூடு கட்டிய கொட்டலசைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். களையைப் பிஞ்சில் பிடுங்குவதற்கும் முற்றிய பின் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடே இது.

மரத் தோணிக்கு இன்னுமோர் எதிரி உண்டு. மரத்தைத் துளைக்கும் கடற்புழு, வெளியே ஊசித் துளையளவு காட்டி, உள்ளே பலகையைத் தின்று விடும்.

பாசி பிடித்த படகு நீரை இழுத்துக் கொண்டு ஓடுகிறது. எஞ்சின் கூடுதலாக எரிக்கிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்ததை எந்த மீனவக் குடும்பமும் மறந்திராது. ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். நாளுக்கு 10 லீற்றர் எரித்த படகு 12 லீற்றர் எரித்தால், 20 நாளில் 40 லீற்றர் வீணாகும். அன்றைய விலையில் அது 13,600 ரூபாய். உங்கள் படகின் கணக்கை இன்றைய விலையில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

2. எல்லாப் படகுக்கும் பெயின்ற் வேண்டுமா?

வேண்டாம். கடனுக்குப் பெயின்ற் வாங்குமுன் இதனை நன்கு சிந்திக்க வேண்டும்.

நாள்தோறும் கரைக்கு இழுத்து ஏற்றும் படகுக்குப் பாசித்தடுப்புப் பெயின்ற் தேவையில்லை. வெயிலில் காய்வதால் பாசியும் கொட்டலசும் வளர வழியில்லை. மேலும் மணலில் இழுக்கும்போது பூசிய பெயின்ற் உரசிப் போகும். காசும் மணலோடு போகும்.

களப்பில் நங்கூரமிட்டு வாரக்கணக்கில் நீரிலேயே கிடக்கும் படகுக்கு அது தேவைப்படும். இடைநிலையில் இருப்போர், வாரத்துக்கு ஒரு முறை படகைக் கரையேற்றி, படலம் இளசாக இருக்கும்போதே தேய்த்துக் கழுவி, ஒரு பகல் காயவிட்டால் போதும். இதற்குச் செலவு உடலுழைப்பு மட்டுமே.

3. எதைத் தெரிவு செய்வது?

இத்தொழில் புதிதன்று. நோவா பேழையின் உள்ளும் புறமும் கீல் பூசியதாக வேதாகமம் கூறுகிறது. அவரையே எம் முஸ்லிம் சகோதரர் நூஹ் நபி என அழைக்கின்றனர். எமது முன்னோர் சுறா எண்ணெயும் குங்கிலியமும் பூசினர். பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு அண்டவில்லை, ஆனால் செம்பு தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப் போயின. இந்தப் படிப்பினை கீழே எமக்குப் பயன்படும்.

இன்று விற்கப்படும் பாசித்தடுப்புப் பெயின்றுகளில் பெரும்பாலும் குப்ரஸ் ஒக்சைட் என்னும் செப்புத் தூள் கலந்திருக்கும். அது நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து, ஒட்ட வரும் குஞ்சுகளைத் தடுக்கும். இவற்றில் இரு வகை உண்டு.

கரைந்து தேயும் வகை: ஓட்டத்தில் மேற்படை தேய்ந்து புதுப்படை வெளிப்படும். இடையிடையே கரையேற்றி வைத்தாலும் பெரும்பாலும் பயன் கெடாது. இழுத்தால் எளிதில் உரசிப் போகும்.

கடின வகை: உரசலைத் தாங்கும். ஆனால் நீண்ட நாள் நீருக்கு வெளியே காய்ந்தால் பலன் குறையும். ஆண்டுதோறும் படை தடித்துக் கொண்டே போகும்.

களப்பில் கிடந்து, இடையிடையே மெதுவாகக் கரையேறும் படகுக்கு முதல் வகை பொருத்தம்.

பெயர் தெரியாத பழைய தகரம் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். ட்ரைபியூட்டைல்டின் என்னும் தகரச் சேர்மம் கலந்த பெயின்ற் முன்னர் உலகெங்கும் பூசப்பட்டது. பிரான்சின் ஆர்க்காசோன் குடாவில் சிப்பி வளர்ப்பு அதனால் நொடிந்தது. 1982இல் அந்நாடு 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அதனைத் தடுத்தது. வேறிடங்களில் பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து இனப்பெருக்கம் தடைப்பட்டது. 2001இல் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்து அதனை விலக்கியது. சைபுட்ரைன் என்னும் இன்னொரு நஞ்சும் 2023 ஜனவரி முதல் அவ்வாறே விலக்கப்பட்டுள்ளது.

4. எவ்வளவு வாங்குவது?

நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அளந்து கொள்ளுங்கள். அகலத்தையும் நீருக்குள் அமிழும் ஆழத்தையும் கூட்டி, அத்தொகையால் நீளத்தைப் பெருக்குங்கள். நீளம் 5 மீற்றர், அகலம் 1.5 மீற்றர், ஆழம் 0.3 மீற்றர் எனில், 5 x 1.8 = 9 சதுர மீற்றர். இரு பூச்சுக்கு 18 சதுர மீற்றர். ஒரு லீற்றர் 9 சதுர மீற்றருக்குப் போதும் எனத் தகரத்தில் எழுதியிருந்தால், தேவை 2 லீற்றர். இது அண்ணளவுக் கணக்கே. எனினும் இதற்கு மேல் கடைக்காரர் கொடுக்கும் தகரம் தேவையா எனக் கேட்க இது உதவும்.

5. பூசும் முறை

கற்பிட்டிக் குடாநாட்டின் வெளிக்கடல் பக்கத்தில் சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். தலவில அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவும் அக்காலத்தில்தான் வரும். படகு ஓய்வெடுக்கும் அந்நாட்களே பராமரிப்புக்கு ஏற்றவை. ஆனால் கடைசிப் பூச்சுக்கும் படகை இறக்குவதற்கும் இடையில் தகரத்தில் குறித்த கால எல்லையை மீற வேண்டாம். கடலுக்குப் போகும் நாளைக் கணித்தே பூசுங்கள்.

(அ) படகைக் கரையேற்றி, அடியில் பழைய படங்கு அல்லது தார்ப்பாய் விரியுங்கள். ஈரமாக இருக்கும்போதே சுரண்டுங்கள்.

(ஆ) நன்னீரால் கழுவுங்கள். உப்புப் படிந்த இடத்தில் பெயின்ற் பிடிக்காது.

(இ) நீர் நனைத்துத் தேய்க்கும் மணற்தாளால் மெல்லத் தேய்த்து மினுக்கத்தைப் போக்குங்கள். பழைய பெயின்றை ஒருபோதும் உலர வைத்துத் தேய்க்காதீர்கள். அத்தூசு நஞ்சு.

(ஈ) நன்கு உலரவிட்டு, வெறும் பைபர் கிளாஸ் தெரியும் இடங்களில் அதற்குரிய அடிப்பூச்சுப் பூசுங்கள். கீழே என்ன பெயின்ற் உள்ளது எனத் தெரியாவிடில் ஓர் ஓரத்தில் சிறிது பூசிச் சோதியுங்கள், சுருங்கினால் நிறுத்துங்கள்.

(உ) தகரத்தின் அடிவரை நன்றாகக் கலக்குங்கள். செப்புத் தூள் பாரமானது. அடியில் தங்கி விடும். கலக்காமல் பூசினால் மேலே நிறமும் அடியில் மருந்துமாகப் போய்விடும்.

(ஊ) காலை வேளையில், நிழலில், உருளைத் தூரிகையால் இரு பூச்சுப் பூசுங்கள். நீர்மட்டக் கோடு, அணியத்தின் விளிம்பு, ஏரா ஆகிய இடங்களுக்கு மூன்றாவது பூச்சும் வேண்டும். மிச்சம் பிடிக்க எண்ணித் தின்னர் ஊற்றி நீர்ப்பதமாக்க வேண்டாம்.

(எ) எஞ்சினின் அலுமினியக் காலில் செப்புப் பெயின்றைப் பூசவே கூடாது. மேலே கூறிய இரும்பு ஆணிகளின் கதியே அதற்கும் நேரும்.

கையுறை அணியுங்கள். குழந்தைகளைத் தூர நிறுத்துங்கள். கைகழுவாமல் உண்ண வேண்டாம்.

6. களப்பை மறவாதிருப்போம்

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைப் பெயின்றில் கலந்தால் என்ன என்று விவசாயிக்குத் தோன்றலாம். கூடாது. கொட்டலசைக் கொல்லும் மருந்துக்கு இறால் குஞ்சையும் நண்டுக் குஞ்சையும் இனம்பிரித்து அறியத் தெரியாது. செம்பும் அளவு மிஞ்சினால் அவ்வாறே. புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரந்திருந்தும், பெரும்பகுதி ஓரிரு மீற்றர் ஆழமே. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் சேர்க்க, கடலோடு அது கலப்பது வடக்கு வாயிலால். விழுந்தது விரைவில் வெளியேறாது.

சுரண்டிய துகளை மணலில் புதைக்கவும் வேண்டாம். கற்பிட்டி மணலில் சில அடியில் கிணற்று நீர் நிற்கிறது. அதையே வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிறோம், குடிக்கவும் எடுக்கிறோம். துகளை மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, எரிக்காது, பிரதேச சபையிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

அகதியாக வந்த எமக்கு இக்களப்பு சோறு போட்டது. எமக்கு முன்னரே இங்கு வாழ்ந்த குடும்பங்களுக்கும் அதுவே சோறு. எம் படகின் அடி சுத்தமாவதற்காக அவர்கள் வலையை வெறுமையாக்குவது நன்றியாகாது.

கலந்துரையாட:

1. எமது படகு மாதத்தில் எத்தனை நாள் நீரிலேயே கிடக்கிறது? அதற்குப் பெயின்ற் தேவையா, வாராந்தக் கழுவல் போதுமா?

2. படகின் அடி சுத்தமாக இருந்தபோதும் பாசி பிடித்தபோதும் எரிந்த எண்ணெயைக் குறித்து வைத்தோமா?

3. எமது இறங்குதுறையில் பெயின்ற் துகளைச் சேர்க்க ஒரு பொதுத் தகரம் வைக்க யார் முன்வருவர்?