எலும்பும் மரபணுவும்

ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால், கூரையின்கீழ் ஓடும் நடைபாதையை மக்கள் 'அஞ்சடி' என்பர். வெயிலுக்கும் மழைக்கும் அது நல்ல புகலிடம். ஆனால், ஒவ்வொரு கடையின் வாசலும் ஒவ்வோர் உயரத்தில் இருப்பதால், பத்து வாசல்களைக் கடப்பதற்குள் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். மழைநாளில் தரை வழுக்கவும் செய்யும். பதினைந்து வயது மாணவர் அங்கே இடறி விழுந்தால், முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். எழுபது வயது மூதாட்டி அதே இடத்தில் விழுந்தால், இடுப்பு மூட்டை ஒட்டிய தொடையெலும்பு முறியக்கூடும். இதையே இடுப்பெலும்பு முறிவு என்கிறோம்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் மருத்துவர் பல கேள்விகளைக் கேட்பார். அவற்றுள் ஒன்று உடனிருக்கும் மகளைத் திடுக்கிட வைக்கலாம். "அம்மா, உங்களைப் பெற்றவர்களில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததுண்டா?" என்பதே அக்கேள்வி. வழுக்கி விழுந்ததற்கும் பெற்றோருக்கும் என்ன தொடர்பு? அப்படியானால் அம்மாவுக்கு நேர்ந்தது நாளை எனக்கும் நேருமா? மகளின் மனத்தில் எழும் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடி அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். கிடைத்த விடை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் அடங்குவதன்று.

முதலில் எலும்பைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம். எலும்பு, சுவரிலுள்ள செங்கல்லைப் போல உயிரற்ற பொருள் அன்று. அதனுள் இருவகை உயிரணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பைக் கரைக்கிறது. மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டுகிறது. இளமையில் கட்டும் வேலை மிகுதி. ஏறத்தாழ முப்பது வயதுக்குள் எலும்பு தன் உச்ச அடர்த்தியை அடைந்துவிடும். அதன்பின் கரைக்கும் வேலை மெல்ல மெல்ல மேலோங்குகிறது. பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் இந்தக் கரைப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. பொதுவாக 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைவதால், அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு விரைவாக அடர்த்தியை இழக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு எலும்பு முறிவு மிகுதியாக ஏற்படுவதற்கு இது முதன்மையான காரணம்.

இப்படி அடர்த்தி குறைந்து, உள்ளே துளைகள் பெருகி, எளிதில் முறியும் நிலையை எலும்புப்புரை நோய் என்பர். 'புரை' என்றால் துளை, பொருத்தமான பெயர்தான். பேச்சு வழக்கில் சிலர் இதனை 'எலும்புத் தேய்மானம்' என்பதுண்டு. மூட்டு வலியையும் அதே பெயரால் குறிப்பிடுவதால் குழப்பம் ஏற்படுகிறது. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்புப்புரையோ எலும்பு முறியும் நாள்வரை பெரும்பாலும் எந்த வலியையும் தருவதில்லை.

எல்லாப் பெண்களுக்கும் மாதவிடாய் நிற்கிறது. ஆயினும், எல்லாரது எலும்பும் ஒரே அளவில் நலிவதில்லை. ஏன்? இதனை அறிய ஆய்வாளர்கள் இரட்டையர்களை ஒப்பிட்டனர். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கோ, சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதிதான் ஒத்திருக்கும். முதல் வகையினரின் எலும்பு அடர்த்தி இரண்டாம் வகையினரைவிட நெருக்கமாக ஒத்திருந்தது. ஆளுக்கு ஆள் எலும்பு அடர்த்தியில் காணப்படும் வேறுபாட்டில் 50 முதல் 85 விழுக்காடு வரை மரபு சார்ந்தது என இத்தகைய ஆய்வுகள் மதிப்பிட்டன. மருத்துவர் பெற்றோரைப் பற்றிக் கேட்டது வீணான கேள்வி அன்று.

மரபு சார்ந்தது என்றால், அதற்குக் காரணமான மரபணு எது? 1994ஆம் ஆண்டில் விடை கிடைத்துவிட்டதாகவே உலகம் நம்பியது. சிட்னியிலுள்ள கார்வன் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த குழுவினர், 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உயிர்ச்சத்து 'டி'யை உடல் உணர்ந்து பயன்படுத்த உதவும் ஒரு மரபணுவின் வகையைக் கொண்டே ஒருவரின் எலும்பு அடர்த்தியை முன்னறியலாம். மரபின் மொத்தத் தாக்கத்தில் 75 விழுக்காடு வரை அந்த ஒரே மரபணுவைச் சார்ந்தது என்று அவர்கள் கூறினர். செய்தி உலகெங்கும் பரவியது. ஒரே இரத்தப் பரிசோதனையில் ஒரு பெண்ணின் எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. பிற நாட்டு ஆய்வாளர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது முடிவுகள் ஒத்துவரவில்லை. 1997இல் அதே குழுவினர் தங்கள் மாதிரிகளை மீண்டும் சோதித்து, சிலருடைய மரபணு வகை தவறாகப் பதிவாகியிருந்ததைக் கண்டறிந்தனர். அதே இதழில் திருத்தமும் வெளியிட்டனர். மரபணுவின் தாக்கம் முதலில் சொன்னதைவிட மிகச் சிறியது. பின்னர் 2006இல் ஐரோப்பியர் 26,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, அதன் பொதுவான வகைகளுக்கும் எலும்பு அடர்த்திக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. தம் கண்டுபிடிப்பைத் தாமே திருத்திக்கொண்ட அக்குழுவின் நேர்மை இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஒற்றை மரபணுவைத் தேடும் முயற்சி முழுவதும் வீண்போகவில்லை. அரிய சில குடும்பங்களில் ஒரே மரபணு எலும்பின் போக்கை அடியோடு மாற்றிவிடுகிறது. எல்.ஆர்.பி.5 என்பது அத்தகைய மரபணு. அது முற்றிலும் பழுதடைந்தால், குழந்தைப் பருவத்திலேயே எலும்புகள் நொறுங்குகின்றன, கண்பார்வையும் பாதிக்கப்படுகிறது. இஃது 2001இல் தெரியவந்தது. மறு ஆண்டே, அதே மரபணுவில் வேறொரு மாற்றம் கொண்ட அமெரிக்கக் குடும்பத்தினரின் எலும்புகள் இயல்பைவிட மிகவும் அடர்த்தியாக இருப்பது கண்டறியப்பட்டது. இவ்வாறு அடர்ந்த எலும்பு உடையோரில் சிலருக்கு நீரில் மிதப்பதே கடினமாம்! தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரிடையே காணப்படும் மற்றோர் அரிய நோயில், எலும்பு வளர்ச்சிக்குத் தடைபோடும் ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதம் உருவாவதில்லை. தடையில்லாததால் எலும்பு அளவுமீறி வளர்கிறது. அவர்களுக்கு அது துன்பமே. ஆனால், அந்தத் தடையைச் சிறிதளவு நீக்கினால் நலிந்த எலும்பை வலுப்படுத்தலாமே என்று ஆய்வாளர்கள் சிந்தித்தனர். அச்சிந்தனையில் பிறந்த ரோமோசோசுமாப் என்னும் ஊசி மருந்துக்கு 2019இல் ஜப்பானும் அமெரிக்காவும் ஒப்புதல் வழங்கின.

பெரும்பாலான பெண்களின் நிலை இவ்வாறு அரியதன்று. அவர்களின் எலும்பை ஒரு மரபணு ஆள்வதில்லை. பல நூறு மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றன. 2012இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, எலும்பு அடர்த்தியோடு தொடர்புடைய 56 மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றுள் 14 இடங்கள் மட்டுமே எலும்பு முறிவோடும் தொடர்புடையவை. 2019இல் பிரிட்டனில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தபோது, இடங்களின் எண்ணிக்கை 518 ஆனது. அத்தனையும் சேர்ந்து எலும்பு அடர்த்தியின் வேறுபாட்டில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மட்டுமே விளக்கின. மேலும், அந்த ஆய்வில் பங்கேற்றோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடம் கண்டதை மலாய்க்காரர், சீனர், இந்தியர் வாழும் பினாங்குக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எலும்பு அடர்த்தி வேறு. எலும்பு முறிவு வேறு. அடர்த்தி குறைந்த எலும்பும் விழாதவரை பெரும்பாலும் முறிவதில்லை. சுவீடனில் 33,000க்கும் மேற்பட்ட இரட்டையரைப் பின்தொடர்ந்து, 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 69 வயதுக்கு முன் ஏற்படும் இடுப்பெலும்பு முறிவில் மரபின் பங்கு 68 விழுக்காடு. 69 முதல் 79 வயதுவரை அது 47 விழுக்காடாகக் குறைந்தது. 79 வயதைத் தாண்டியபின் மரபின் பங்கு வெறும் 3 விழுக்காடுதான்! முதுமையில் கண்பார்வை, கால்களின் வலு, உட்கொள்ளும் மருந்து, குளியலறைத் தரை ஆகியவை மரபணுவை முந்திவிடுகின்றன.

நம் வட்டாரத்தில் கிடைத்த சான்று இதைவிடத் தெளிவானது. 1997ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு நான்கு ஆசிய இடங்களில் இடுப்பெலும்பு முறிவு கணக்கிடப்பட்டது. வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகு, இலட்சம் பெண்களுக்கு ஹாங்காங்கில் 459 பேரும், சிங்கப்பூரில் 442 பேரும், தாய்லாந்தில் 269 பேரும், மலேசியாவில் 218 பேரும் பாதிக்கப்பட்டிருந்தனர். மலேசியாவுக்குள் சீனரிடையே இம்முறிவு மற்ற இனத்தாரைவிட மிகுதி. பாதிக்கப்பட்டோருள் 44.8 விழுக்காட்டினர் சீனப் பெண்கள். இதனைக் கண்டதும், 'இது இனத்தின் மரபு' என்று முடிவுகட்டத் தோன்றும். சிங்கப்பூரின் வரலாறு அந்த அவசரத்தைத் தடுக்கிறது. 1960களோடு ஒப்பிடும்போது, 1990களில் அங்குப் பெண்களின் இடுப்பெலும்பு முறிவு விகிதம் ஐந்து மடங்காக இருந்தது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் விகிதம் ஏறியது; இந்தியரிடமோ குறைந்ததாகவே தெரிகிறது. முப்பது ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியவை வாழ்க்கைமுறையும் உணவும் உடல் உழைப்புமே. கம்பத்து வீட்டை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடியேறிய தலைமுறை அது.

தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியில் மாதவிடாய் நின்ற 150 பெண்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வும் இதையே சுட்டுகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு உடலின் ஏதாவதோர் இடத்தில் எலும்புப்புரை இருந்தது. அவர்கள் நாள்தோறும் உணவின்வழிப் பெற்ற சுண்ணாம்புச்சத்து சராசரியாக 400 மில்லிகிராமுக்கும் குறைவு. மலேசியாவில் 50 வயதைக் கடந்த பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 1,200 மில்லிகிராம். 10 முதல் 18 வயதினருக்கோ 1,300 மில்லிகிராம். பாட்டியைவிடப் பேத்திக்கே கூடுதலாகத் தேவை! பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி, சோயாக் கட்டி, கேழ்வரகு, முருங்கைக்கீரை என நம் சந்தைகளில் எளிதில் கிடைக்கும் பொருள்களிலேயே இச்சத்து உள்ளது.

அப்படியானால் மருத்துவர் பெற்றோரைப் பற்றிக் கேட்டதன் பயன் என்ன? தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்திருந்தால், பிள்ளைக்கு அம்முறிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. அதனால்தான், பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஃபிராக்ஸ் என்னும் கணிப்புக் கருவியில் இக்கேள்வி இடம்பெற்றுள்ளது. வயது, எடை, புகைப்பழக்கம், முந்தைய முறிவு ஆகியவற்றோடு அதையும் சேர்த்து, அடுத்த பத்து ஆண்டுகளில் எலும்பு முறிவதற்கான வாய்ப்பை அது கணக்கிடுகிறது. விலையுயர்ந்த மரபணுச் சோதனை எதுவும் தேவையில்லை. குடும்பத்தின் நினைவே போதும்.

ஆசியப் பெண்களுக்கென 2001இல் இன்னும் எளிய கணக்கு ஒன்று உருவாக்கப்பட்டது. எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை ஆராய்ந்து அமைத்த அக்கணக்கு மலேசியாவிலும் பயன்படுகிறது. கிலோகிராமில் உள்ள எடையிலிருந்து வயதைக் கழித்து, வரும் விடையை 0.2ஆல் பெருக்க வேண்டும். 72 வயதில் 48 கிலோகிராம் எடையுள்ள பாட்டிக்கு விடை -4.8. இது -4க்குக் கீழே இருப்பதால் எலும்புப்புரைக்கான வாய்ப்பு அதிகம். அவர் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 60 வயதில் 58 கிலோகிராம் எடையுள்ள அத்தைக்கு விடை -0.4, அவருக்கு வாய்ப்பு குறைவு. இந்தக் கணக்கு மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறந்துவிடக்கூடாது. இது நோயை உறுதிசெய்வதுமன்று. யாரை முதலில் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்பதை மட்டுமே காட்டுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை: குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவில் படுக்கையறைக்கும் கழிவறைக்கும் இடையே ஒரு விளக்கு. தாவரவியல் பூங்காவில் காலைநடை போகும் மூத்தோருக்குக் கால் தசைகள் வலுப்பெறுகின்றன. வெயிலால் உயிர்ச்சத்து 'டி'யும் கிடைக்கிறது.

பல குடும்பங்கள் தவறவிடும் ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்து, பாட்டி ஊன்றுகோலுடன் வீடு திரும்பியதும், 'கால் சரியாகிவிட்டது' என்று எல்லாரும் நிம்மதி அடைகின்றனர். முறிந்த இடத்துக்குச் சிகிச்சை நடந்தது. முறிவுக்குக் காரணமான எலும்புப்புரைக்கு நடந்ததா? ஒருமுறை முறிந்தவருக்கு மீண்டும் முறிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. எனவே, மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன்னரே, "டாக்டர், அம்மாவின் எலும்பு அடர்த்தியை எப்போது அளப்பீர்கள்? எலும்பை வலுப்படுத்தும் மருந்து அவருக்குத் தேவையா?" என்று மகள் கேட்க வேண்டும். தமக்கு ஐம்பது வயதாகும்போது, தம் தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்ததைத் தம் மருத்துவரிடம் அவரே முதலில் சொல்லவும் வேண்டும்.