சுருக்கெழுத்துப் பெயர்களும் கிராமத்தார் பணமும்

பாற்பணம் வங்கிக் கணக்கில் சேருகிறது. முதியோர் உதவித் தொகையும் அவ்வாறே. மளிகைக் கடையிற் கூடக் கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோம். ஆயின், இவ்வசதிகளுக்கு வழங்கும் பெயர்கள் யாவும் ஆங்கில எழுத்துகளின் சுருக்கங்களாகவே உள்ளன. பொருள் விளங்காத சொல்லை ஒருவர் அதிகாரத் தோரணையில் உரைத்தால், கேட்பவர் அதனைச் சட்டமென்றே கருதி இணங்கிவிடுகிறார். தொலைபேசி வழியே பணம் பறிப்போருக்கு முதல் இதுவே. ஆதலின் இச்சொற்களுட் சிலவற்றின் பொருளை ஆராய்வோம்.

யு.பி.ஐ. என்பது ‘யூனிஃபைடு பேமெண்ட்ஸ் இன்டர்ஃபேஸ்’. வெவ்வேறு வங்கிகளின் கணக்குகளுக்கிடையே கைபேசி மூலம் உடனுக்குடன் பணம் செல்ல வழி செய்யும் இம்முறை, 2016-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. இதற்குரிய இரகசிய எண்ணே ‘பின்’. நான்கு அல்லது ஆறு இலக்கங்கள் உடையது. (1972-ஆம் ஆண்டு முதல் தபால் முகவரியில் நாம் எழுதிவரும் ‘பின்’ வேறு, அதனை ஊரறியச் சொல்லலாம்.) யு.பி.ஐ. பின் பணப்பெட்டியின் திறவுகோல் போன்றது. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும் அது வேண்டும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. “மாட்டுக்கு முன்பணம் அனுப்புகிறேன், இச்சதுரக் கட்டத்தைப் படம் பிடித்துப் பின் எண்ணை அழுத்துங்கள்” என்று ஒருவர் கூறினால், அவர் வாங்க வந்தவரேயன்றிக் கொடுக்க வந்தவரல்லர். அச்சதுரக் கட்டத்தின் பெயர் கியூ.ஆர்.; விரைந்து விடை தருவது என்பது பொருள். 1994-இல் ஜப்பானில் மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுக்க உண்டாக்கப்பட்டது அது.

ஓ.டி.பி. என்பது ஒரு முறை மட்டுமே செல்லும் கடவுச்சொல். சிறிது நேரத்தில் அது காலாவதியாகிவிடும். அதனாலேயே வஞ்சகர் நம்மை அவசரப்படுத்துகின்றனர். கே.ஒய்.சி. என்பது வாடிக்கையாளர் இன்னார் என வங்கி அறிந்துகொள்ளும் நடைமுறை. அதனைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து உண்மையாகவே கடிதமோ குறுஞ்செய்தியோ வருவதுண்டு. அவ்வாறு வரின் கிளைக்கு நேரிற் சென்று கேட்பது தக்கது. அதன் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறத்தலாகாது. ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியைக் குடியேற்றும் மூட்டை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் இது வருகிறது. உள்ளே புகுந்த செயலிக்கு நாம் அனுமதி தந்துவிட்டால், நமக்கு வரும் ஓ.டி.பி.யை அதுவே படித்து வெளியே அனுப்பிவிடக்கூடும்.

கைபேசி இல்லாதவருக்கு இவ்விடர் இல்லையென எண்ணலாகாது. ஏ.இ.பி.எஸ். என்பது ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு பணம் எடுக்கும் முறை. இதில் ஓ.டி.பி.யும் இல்லை, பின்னும் இல்லை, விரலே சாவி. முற்காலத்தில் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தோர் கதைகளைக் கேட்டிருக்கிறோம். கருவியின்மீது விரல் வைப்பதும் கைநாட்டேயாகும். எத்தனை ரூபாய்க்கு எனக் கேட்டறிந்த பின்னரே விரல் வைக்க வேண்டும். ரசீதையும் கேட்டுப் பெறவேண்டும். “ரேகை பதியவில்லை, மறுபடி வையுங்கள்” என்றால், முதன்முறை பணம் கழிந்ததா என்பதை விசாரித்தறிவது அவசியம். ஆதார் ரேகையைப் பூட்டி வைக்கவும், வேண்டும்போது திறக்கவும் ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் வசதி உண்டு. மாதம் ஒருமுறை பணம் எடுக்கும் முதியோருக்கு, வீட்டிலுள்ள இளைஞர் இதனைச் செய்து கொடுத்தல் பேருதவியாகும்.

இணையதள முகவரியின் தொடக்கத்திலுள்ள ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்பதன் ஈற்றெழுத்து, நாம் அனுப்பும் செய்தி வழியில் பிறர் படிக்கவொண்ணாதபடி மறைத்து அனுப்பப்படுகிறது என்பதைக் குறிக்கும். அவ்வளவே. சேருமிடத்தில் இருப்பவர் நாணயமானவரா என்பதை அது கூறாது.

பணம் பறிபோனதென அறிந்தால் வெட்கத்தால் மறைத்துவிடாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் வஞ்சகர் கணக்கிலிருந்து வெளியேறுமுன் அதனை முடக்கி வைக்க வழியுண்டு. தாமதிக்குந்தோறும் அவ்வாய்ப்பு குறையும். யு.டி.ஆர். எண் எதுவென அங்குக் கேட்பர். ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தனித்தனியே அமையும் குறிப்பெண் அது, யு.பி.ஐ.யில் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. செயலியின் பணமாற்றக் குறிப்பில் அதனைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுதல் நலம்.